மூட்டைக்குள் போன பிரஸ்ஸெல்ஸ் கடிதம்

1. கேபிள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து எங்கள் ஆபீசுக்கு ஒரு கேபிள், அதாவது வெளிநாட்டுத் தந்தி, வந்தது. முதலில் படித்தவன் நான். படித்து முடித்ததும் இன்னொரு முறை படித்தேன்.

1967 செப்டம்பர். ரங்கூனில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அலோன் துறையில் எங்கள் கப்பல் ஒன்று மூன்று நாளாகக் குருணை அரிசி ஏற்றிக்கொண்டு நின்றது. அதை ஆன்ட்வெர்ப்பில் வாங்கப் போகிறவர்களின் ஏஜென்ட்தான் கேபிள் அடித்திருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கமிஷன்கள் இணைந்துவிட்டன. பழைய கையெழுத்துப் பட்டியல் செல்லாது. புதிய ஸ்பெசிமன் கேட்டு ஜூலையிலேயே உங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். பதில் இல்லை. சரக்கு வந்து சேருமுன் பட்டியல் வராவிட்டால் முழு அரிசிக்கான தீர்வை விழும். வாங்குகிறவர் சரக்கை எடுக்க மாட்டார்.'

குருணைக்குத் தீர்வை குறைவு, முழு அரிசிக்கு அதிகம். ஏற்றியது குருணைதான் என்று இங்கிருந்து ஒரு சான்றிதழ் போகும். அதில் யார் கையெழுத்துப் போடுவார்கள், முத்திரை எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி முன்கூட்டியே அங்கே பதிவாகியிருக்க வேண்டும். அந்த மாதிரியைத்தான் ஸ்பெசிமன் என்போம்.

நான் வெளிநாட்டுக் கடிதப் பிரிவில் கிளார்க். பெயர் சவரிமுத்து. அப்போது வயது முப்பத்தொன்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் ஆங்கிலம் எழுத வரும். அரசாங்கம் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது இந்தியக் கிளார்க்குகளில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆங்கிலத்துக்காகத்தான் என்னை விட்டுவைத்திருந்தார்கள்.

பிறந்தது ரங்கூனில். ஆனாலும் என் சட்டைப் பையில் இருந்தது வெளிநாட்டார் அட்டை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க ஆபீஸ் கடிதம் வேண்டும். ஆபீஸ் கடிதம் இல்லையென்றால் மெட்ராஸ் கப்பல். நான் மெட்ராசைப் பார்த்ததே கிடையாது. என் மனைவி பிலோமினாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

கேபிளைப் படித்தபோது இவ்வளவும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் அந்தச் சுற்றறிக்கை எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2. மூன்றை ஒன்றாக்கியவர்கள்

எங்கள் ஆபீஸ் தலைவர் ராணுவத்திலிருந்து வந்த ஒரு கேப்டன். நாங்கள் போஜி என்று கூப்பிடுவோம், பர்மீயத்தில் அதிகாரி என்று பொருள். நல்ல மனிதர்தான், ஆனால் அரிசியைச் சோறாக மட்டுமே பார்த்திருந்தவர். வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவர் பேசியதெல்லாம் பர்மீயத்தில். நான் நம் பேச்சில் தருகிறேன்.

"என்ன கமிஷன்? எதோட எது இணைஞ்சது?" என்று கேட்டார்.

எங்கள் கோயில் ஃபாதரிடம் வரும் வெளிநாட்டுப் பத்திரிகைகளை நான் வாங்கிப் படிப்பதுண்டு. அதை வைத்துச் சொன்னேன். "ஐரோப்பாவுல ஆறு நாடுங்க சேர்ந்து பொதுச் சந்தை வெச்சிருக்காங்க, போஜி. நிலக்கரி, இரும்புக்கு ஒரு நிர்வாகக் குழு. அணுசக்திக்கு ஒண்ணு. சந்தைக்கு ஒண்ணு. இந்த ஜூலையில மூணையும் கலைச்சிட்டு ஒரே கமிஷன் ஆக்கிட்டாங்க. பதினாலு பேரு. பிரஸ்ஸெல்ஸ்ல உக்காந்திருக்காங்க."

"அதுல பெரியவன் யாரு?"

"தலைவர்னு ஒருத்தர் இருக்காரு. ஆனா எதையும் பதினாலு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணுவாங்க."

"அந்தத் தலைவன் எந்த நாட்டு ஆளு? அந்த நாட்டுத் தூதர்கிட்ட நம்ம ஆளுங்க பேசட்டும். அவரு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"முடியாது, போஜி. எங்க நாட்டு சர்க்கார் சொல்றதைக் கேக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் அந்த நாற்காலியில உக்காருவாங்களாம்."

போஜி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். சொந்த சர்க்கார் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவனுக்கு நாற்காலி கொடுக்கும் ஊரும் உண்டா என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவர் இருந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

மூன்றை ஒன்றாக்குவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஆபீசே அப்படி வந்ததுதான். அரிசிக் கம்பெனி ஒன்று, பருப்புக் கம்பெனி ஒன்று, பிண்ணாக்குக் கம்பெனி ஒன்று. மூன்றையும் சர்க்கார் எடுத்து, பெயரை நீக்கி, ஒரு நம்பர் கொடுத்து, ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரே கட்டடத்தில் உட்கார வைத்தது. நம்பர் ஒன்றாகிவிட்டது, மனிதர்கள் ஆகவில்லை. அரிசிக்காரர்கள் அரிசிக்காரர்களோடுதான் டீ குடிப்பார்கள். பருப்புக்காரர்களின் குத்தூசியைப் பிண்ணாக்குக்காரர் எடுத்தால் அன்றைக்குச் சண்டை.

முக்கியமான ஒன்றை நாங்கள் செய்யவில்லை. கம்பெனி பெயர் போய்விட்டது என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு முறையாக எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, உத்தரவில்லாமல் எழுத யாருக்கும் தைரியமில்லை. ஆகவே பிரஸ்ஸெல்ஸ் பட்டியலில் இன்னமும் பழைய அரிசிக் கம்பெனி பெயர்தான் இருந்தது. புதுக் கமிஷனில் யாரோ ஒரு கிளார்க், மூன்று ஆபீஸ் பட்டியல்களையும் முன்னால் வைத்துக்கொண்டு, செத்துப் போன எங்கள் கம்பெனிக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறான். பாவம், அவனுக்கும் என்ன பயமோ. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இருந்த நாற்காலிகளைப் பதினான்காகக் குறைத்திருந்தார்கள். அந்த ஆபீஸ்களிலும் யார் இருப்பார், யார் போவார் என்று கிசுகிசுத்திருப்பார்கள்.

"சரி, சுற்றறிக்கை எங்க?" என்றார் போஜி.

"தேடிப் பாக்குறேன், போஜி" என்றேன். அது பொய்.

3. பழைய முதலாளி மூட்டை

எங்கள் பிரிவில் ஓர் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கோணிமூட்டை இருக்கும். பழைய முதலாளி மூட்டை என்று அதற்குப் பெயர். பழைய கம்பெனிகளின் பெயருக்கோ முதலாளிகளின் பெயருக்கோ வரும் கடிதங்களை நாங்கள் பிரிப்பதில்லை. உறையோடு மூட்டையில் போட்டு, தனி ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட்டு, வெள்ளிக்கிழமை லான்மடாவில், பழைய கம்பெனிகளின் கணக்கைத் தீர்க்க வைத்திருந்த செட்டில்மென்ட் கமிட்டிக்கு அனுப்பிவிடுவோம். அவர்களும் பிரிக்கமாட்டார்கள்.

இது சட்டமல்ல, பயம். ஆரம்பத்தில் ஒரு கிளார்க், ஊருக்குப் போய்விட்ட முதலாளி எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்தார். முதலாளி கேட்டிருந்தது அவர் விட்டுப்போன ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பற்றித்தான். அதற்கு அந்தக் கிளார்க்கை விசாரணைக்காரர்கள் மூன்று நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நான்காம் நாள் வந்தவர் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்த உறையையும் எங்கள் கை பிரிக்கவில்லை.

அடுத்து இனிஷியல். போடாமல் அனுப்பினால் மூட்டை திரும்பி வந்துவிடும். போட்டால், நாளைக்கு ஏதாவது விசாரணை என்றால் போட்டவன்தான் மாட்டுவான். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் நான். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, அப்போது அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

என் மேஜைக்கு எதிரில் எஸ். ராஜமாணிக்கம் என்று ஒருவர் இருந்தார். ராஜு அண்ணன். 1964-இல் வேலை போய், அட்டை போய், மெட்ராஸ் கப்பலேறிவிட்டார். அடுத்த வாரம் மூட்டை ரிஜிஸ்டரில் எழுதும்போது என் இனிஷியலுக்குப் பதிலாக 'எஸ்.ஆர்.' என்று ஆங்கிலத்தில் போட்டேன். கப்பலேறியவரை யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்? யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மற்றவர்களும் அப்படியே போட ஆரம்பித்தார்கள். பருப்புக்காரர்கள், பிண்ணாக்குக்காரர்கள், டைப்பிஸ்ட் மா கின் எல்லோரும். மூன்று கம்பெனிக்காரர்களும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். போஜிக்கு முன்பிருந்த மேனேஜரும் பார்த்தும் பாராமல் விட்டார்.

பிரஸ்ஸெல்ஸ் உறையும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. தடித்த உறை, பெல்ஜியம் ஸ்டாம்பு. ஸ்டாம்பு அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். பழைய அரிசிக் கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் சூடு பட்டதுபோல் மூட்டையில் போட்டுவிட்டு, எஸ்.ஆர். என்று எழுதிவிட்டு டீக்குப் போனேன்.

4. எஸ்.ஆர். யார்?

பகல் பன்னிரண்டு மணிக்குள் போஜியே மூட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். ஆகஸ்டு மாதப் பக்கத்தில் 'பிரஸ்ஸெல்ஸ், ஒரு உறை' என்ற வரியில் அவர் விரல் நின்றது. பிறகு அந்த விரல் மேலே போனது, கீழே வந்தது, பக்கத்தைத் திருப்பியது, இன்னொன்றைத் திருப்பியது.

"எஸ்.ஆர். யாரு?"

ஏழு பேர் நின்றோம்.

"இந்த ஆபீஸ்ல எஸ்.ஆர்.னு யாரும் இல்ல. எனக்குத் தெரியாத ஒருத்தன் பழைய முதலாளிங்க கடுதாசியெல்லாம் தினமும் கையில வாங்கிட்டிருக்கான். யார் அவன்?"

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் முழுப் பாரமும் புரிந்தது. எங்களுக்கு அது ஒரு சின்ன ஏமாற்று. ராணுவத்திலிருந்து வந்த மனிதருக்கு அது ரகசிய ஆள். நாட்டை விட்டுப் போன முதலாளிகளோடு ஆபீசுக்குள்ளிருந்தே தொடர்பு வைத்திருக்கும் ஒருவன்.

போஜி ஆளுக்கொரு தாள் கொடுத்து, எஸ்.ஆர். என்று எழுதச் சொன்னார். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஏழு பேரும் குனிந்து எழுதினோம். என் எஸ் எழுத்தில் மேலே ஒரு சுழி இருக்கும். அன்றைக்குச் சுழி இல்லாமல் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகக் கேவலமான எழுத்து அதுதான்.

மா கின்னுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை, தாயையும் இரண்டு தங்கைகளையும் அவள் சம்பளம்தான் காப்பாற்றியது. அவளுக்குக் கை நடுங்கி, எழுத்து தாளை விட்டே வெளியே போனது. போஜி அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள ஆள் யாருன்னு தெரியணும். இல்லைன்னா ரிஜிஸ்டரை விசாரணைக்காரங்ககிட்டக் குடுத்துடுவேன். மா கின், நீ நாளைக்கு முதல்ல என் ரூமுக்கு வா."

மா கின் என்னைப் பார்த்தாள். அந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

5. அலோன்

ஏற்றுவதை நிறுத்தலாமா, தொடரலாமா என்று பார்த்து வரும்படி போஜி என்னைத் துறைக்கு அனுப்பினார். அங்கே எங்கள் டாலி கிளார்க் வீரையா அண்ணன். கப்பலுக்குள் எத்தனை மூட்டை போகிறது என்று எண்ணிக் குறிப்பது அவர் வேலை. தாகேதாவிலிருந்து சைக்கிளில் வருவார். மழைக்காகக் கப்பலின் சரக்கறை வாசலான ஹேட்சை மூடியிருந்தார்கள். ஷெட்டில் குருணை மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. கூலியாட்கள் குந்தி உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீரையா அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஏந்தம்பி, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நீயாப் போயி நாந்தான்னு சொல்லப் போறியா?" என்றார். "பர்மாக்காரப் புள்ளைய அவங்க என்ன பண்ணிருவாங்க? ரெண்டு அதட்டு அதட்டி வுட்ருவாங்க. நீ யாரு? கார்டுக்காரன். ஒன்னைய வுடுவாங்களா?"

"அவ ஒண்ணும் பண்ணலையே, அண்ணே."

"பண்ணலையா? அவளும் எஸ்.ஆர். போட்டவதான? எல்லாரும் போட்டீக. யாருமே வாயத் தொறக்காட்டி அவரு யாரப் புடிப்பாரு?" பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "எங்க சந்துல இருபது குடும்பம் இருந்துச்சு, தம்பி. இப்ப நாலு. போனவக எல்லாம் ஏதோ ஒரு தாளுல மாட்டிக்கிட்டுத்தான் போனாக. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

ஒரே ஒரு நல்ல செய்தியும் அவரிடம்தான் கிடைத்தது. "சூயஸ் கால்வாய அடச்சுட்டாகல்ல? கப்பலு ஆப்பிரிக்காவச் சுத்திக்கிட்டுத்தான் போவணும். சேர நவம்பர் ஆயிரும்னு கப்பல் ஆபீசர் மேட் சொல்றாரு." அப்படியானால் ஏர்மெயில் கப்பலை முந்திவிடும். சரக்கைக் காப்பாற்றலாம். என்னைக் காப்பாற்ற அந்த ஏர்மெயிலுக்கு வழியில்லை.

சாயங்காலம் பிலோவிடம் சொன்னேன். பெரிய மனதோடு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலும். அவள் சட்டென்று அழுதாள்.

"சொல்லாதீங்க. நான் சுயநலக்காரியாவே இருந்துட்டுப் போறேன். இந்த வயித்தோட கப்பல்ல ஏறி, யாரையும் தெரியாத ஊர்ல எறங்கணுமா?"

இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவளே வாசலில் வந்து நின்றாள். "ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போகாதீங்க. எட்டு மணிக்கே போயிடுங்க. லேட்டாப் போனா அந்தப் பொண்ணு முதல்ல உள்ள போயிடுவா" என்றாள்.

6. சிவப்பு மை

எட்டரைக்கு போஜி அறைக்குள் நின்றேன். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்.

"எஸ்.ஆர். நான்தான், போஜி. நான்தான் ஆரம்பிச்சேன். அப்படி ஒரு ஆள் இருந்தாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி மெட்ராசுக்குப் போயிட்டாரு. பயத்துல அவர் இனிஷியலைப் போட்டேன். பிரஸ்ஸெல்ஸ் உறையை மூட்டையில போட்டதும் நான்தான். மா கின் இல்ல."

"மத்தவங்க?"

"மத்தவங்களும் போட்டாங்க. ஆனா என்னைப் பாத்துத்தான் போட்டாங்க."

போஜி ரிஜிஸ்டரை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"மூணு வருஷமா இங்க இல்லாத ஒருத்தன் ஒரு நாள் லீவு போடாம ஆபீஸ் வந்திருக்கான்" என்றார் கடைசியில். "நான் வந்து பதினோரு மாசம். ஒரு நாளாவது நான் அந்த ரிஜிஸ்டரைத் திறந்து பாத்திருக்கேனா? இதை மேல அனுப்பினா முதல் கேள்வி எனக்குத்தான் வரும்."

அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த மனிதரும் என்னைப் போலவே இரவு தூங்கவில்லை.

அவர் ரிஜிஸ்டரை வெளியே எடுத்து வந்து நடு மேஜையில் வைத்தார். பக்கத்தில் சிவப்பு மைப்புட்டியும் பேனாவும். "எந்த எஸ்.ஆர். யார் போட்டதோ, அவங்க அதை அடிச்சிட்டுப் பக்கத்துல தங்களோட இனிஷியலைப் போடணும். போட்டவங்களை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு எஸ்.ஆர். அப்படியே நின்னாலும் ரிஜிஸ்டர் வெளிய போகும்."

முதலில் நான் போனேன். எஸ்.எம்., எஸ்.எம். என்று சுழியோடு போட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு அடுத்து மா கின் வந்தாள். அவள் கை அன்றைக்கு நடுங்கவில்லை. பிறகு பருப்புக்காரர்கள், பிண்ணாக்குக்காரர்கள். யார் எந்த வரியை எழுதினோம் என்று எங்களுக்கே மறந்திருந்தது. "இது ஒங்க எழுத்து மாதிரி இருக்கே", "இல்லப்பா, என் ஆர் இப்படிக் கால் நீட்டாது" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். மத்தியானம் வரை ஆயிற்று. கடைசியாக யாருடையது என்று தெரியாத மூன்று வரிகள் மிஞ்சின. பிண்ணாக்குப் பிரிவின் வயதான கிளார்க் ஒன்றை எடுத்துக்கொண்டார், நான் ஒன்று, மா கின் ஒன்று.

அன்றைக்கே ஜீப்பில் லான்மடாவுக்குப் போய், மலையாய்க் குவிந்திருந்த கோணிமூட்டைகளில் எங்கள் மூட்டையைத் தேடி எடுத்தோம். பெல்ஜியம் ஸ்டாம்பு ஈரத்தில் கழன்று விழுந்திருந்தது. உறை அப்படியே இருந்தது. போஜி தன் கையால் பிரித்தார்.

7. இரண்டு கட்டங்கள்

உள்ளே மிக மரியாதையான கடிதம். கூடவே ஒரு படிவம். கையெழுத்திடும் அதிகாரிக்கு ஒரு கட்டம், சரக்கைச் சரிபார்த்து உடன் கையெழுத்திடுபவருக்கு ஒரு கட்டம். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: இவர்களில் ஒருவர் மாறினாலும், புதிய பட்டியலை ஏற்றுக்கொள்ளும் வரை சான்றிதழ்கள் செல்லாது.

முதல் கட்டத்தில் போஜி கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தார், வைத்தார். ஒரு டீ வரவழைத்துக் குடித்தார். "வெளிநாட்டு ஆபீஸ்ல என் பேரு இருக்கும். நாளைக்கு எவனாவது இதை எடுத்துக் காட்டி, இவனுக்கும் அவங்களுக்கும் என்னன்னு கேட்டா?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. இரண்டாவது டீயும் முடிந்த பிறகு போட்டார்.

இரண்டாவது கட்டத்துக்கு ஆள் கேட்டார். யாரும் முன்வரவில்லை. காலையில் சிவப்பு மையில் கை வைத்ததே எல்லோருக்கும் போதும் என்றிருந்தது.

"கோ சவரி, நீ போடு" என்றார். கோ என்பது பர்மீயத்தில் ஓர் ஆணை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

"போஜி, என் அட்டை..."

"தெரியும். கட்டத்துல கையெழுத்துதான் கேட்டிருக்கான். அட்டை கேக்கல."

போட்டேன். பெயர் முழுவதையும் எழுதினேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். உறை தபாலில் சேர்ந்த பிறகும் இரண்டு வாரம் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன்.

நவம்பரில் கப்பல் ஆன்ட்வெர்ப் சேர்ந்தது. சரக்கு குருணையாகவே ஏற்கப்பட்டது என்று கேபிள் வந்த வாரத்தில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். அட்டையைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஆபீஸ் கடிதத்துக்காக போஜி முன்னால் போய் நின்றேன். நான் வாய் திறக்குமுன் அவர், மா கின் டைப் அடித்திருந்த ஒரு தாளை நீட்டினார். அதில் இப்படி இருந்தது: 'இவருடைய கையெழுத்து வெளிநாட்டில் பதிவாகியுள்ளது. இவரை மாற்றினால் ஏற்றுமதி நின்றுவிடும்.' குடியேற்ற அலுவலகத்தில் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார்கள். அடுத்த வருஷமும் குத்தினார்கள். போஜி மாற்றலாகிப் போய் இன்னொரு போஜி வந்தபோதும், புதியவரிடம் அந்தச் சின்ன எழுத்துக் குறிப்பைக் காட்டிக் கடிதம் வாங்கினேன், குத்தினார்கள்.

8. வியாசர்பாடியிலிருந்து

ராஜு அண்ணனுக்கு நடந்ததையெல்லாம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பெயரை மூன்று வருஷம் திருடினோம் என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்து மெட்ராஸ் வியாசர்பாடியிலிருந்து பதில் வந்தது.

'அன்புள்ள சவரி, நலம். உன் கடிதத்தைப் படித்து என் வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே வந்து மூன்று வருஷத்தில் எனக்கு மூன்று மாதம்கூட வேலை கிடைக்கவில்லை. பர்மாக்காரன் என்கிறார்கள். ரங்கூனில் என் பெயர் தினமும் ஆபீஸ் போய் வந்தது என்று கேட்க சந்தோஷமாக இருக்கிறது. சிவப்பு மையில் அடித்துவிட்டீர்களாமே. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கலாம்.'

நான் ஆபீசிலேயே அழுதேன். மா கின் என்னவென்று கேட்டாள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ ரிஜிஸ்டர், எத்தனையோ விசாரணை. இன்னொருவர் இனிஷியலை என் கை எழுதவில்லை. ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் பயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன், நானே பயந்தவன். பயமாக இருந்தால் பயத்தோடேயே உங்கள் பெயரைப் போடுங்கள். வேறு வழியில்லாமல் கப்பலேறிப் போனவருடைய பெயரை அதற்கு எடுக்காதீர்கள்.